நாலு கல்லும் சம்மந்தி வேட்டியும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன ஆயுத பூசைக்கு அலுவலகத்துக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவர்களையும் மறக்காமல் கூப்பிட்டு, சுண்டலும் பொரிகடலையும் கொடுக்கிற வழக்கத்தை நீங்கள் விடாமல் வைத்திருப்பதற்கு நன்றி. சுண்டலில் உப்பு கம்மி, அது போகட்டும். நில அளவைக் கருவிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தீர்கள். வரிசையின் கடைசியில், மலை வேலைக்கு எடுத்துப் போகிற காக்கிப் பைக்கு முன்னால், நாலு கூழாங்கற்கள் இருந்தன. அவற்றுக்கும் குங்குமம். ஒன்றின் தலையில் செவ்வந்திப் பூ வேறு.

"இது என்ன சாமி மேடம்?" என்று உங்களில் ஒரு பெண் என்னிடமே வந்து கேட்டாள். "எப்பவும் பைக்குள்ளதான் கெடக்கு. எதுக்குன்னு யாருக்கும் தெரியல. கனமா இருக்கேன்னு தூக்கி வெளிய போடவும் பயமா இருக்கு."

எனக்குச் சிரிப்பில் சுண்டல் புரையேறிவிட்டது. உங்கள் அதிகாரி ஓடிவந்து தலையில் தட்டினார். அந்தக் களேபரத்தில் பதில் சொல்லாமலே வந்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இதைத் தெரிந்துகொள்வது உங்கள் மானத்துக்கு நல்லது.

வீடு, ரோடு, வயல் எதுவும் இல்லாத மலையையும் காட்டையும் நம் வரைபடத்தில் 'ஆளில்லாப் பகுதி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வரும். ஆள் இல்லை, சரி. மற்றவர்கள் இருக்கிறார்களே!

குற்றாலத்தில் தேனருவிக்கும் மேலே இருக்கிற முகட்டை வரைய வேண்டும் என்று எங்களுக்கு வேலை வந்தது. மேலே பெய்கிற மழை எந்த ஓடை வழியாக, எவ்வளவு வேகத்தில் அருவிக்கு வருகிறது என்று தெரிந்தால், கீழே தலை நிறைய எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு நிற்கிற சனங்களை முன்கூட்டியே வெளியேற்றலாம். கீழே வெயில் அடிக்கும்போதே மேலிருந்து வெள்ளம் வந்துவிடும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த முகட்டில் விழுகிற மழை கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்தால் குற்றாலம், கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தால் கேரளா. முகட்டைத் தப்பாக வரைந்தால் தண்ணீர்க் கணக்கு தப்பும். கணக்கு தப்பினால் எச்சரிக்கை தப்பும். அதில் மட்டும் விளையாட்டே கிடையாது. மற்றபடி இது முழுக்க விளையாட்டுக் கதைதான்.

வேலை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். டிரோன் மேலிருந்து படம் எடுக்கும். அந்தப் படம் பூமியில் சரியான இடத்தில் உட்கார, கீழே சில இடங்களில் வெள்ளைத் துணியை விரித்துக் குறி வைக்கிறோம். பாறையில் பெயின்ட் அடிக்க வனத்துறை விடாது. சுண்ணாம்புப் பொடியைப் போட்டால் சாரல் கழுவிவிடும். ஆகவே துணி. காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் கல். இவ்வளவுதான், இதற்கு மேல் தொழில் பேசப் போவதில்லை.

மலையில் நாங்கள் நாலு பேர். முதலாவது எங்கள் அதிகாரி. பெயரைச் சொன்னால் இந்த வயதிலும் போன் போட்டுத் திட்டுவார், அதனால் எல்லோரும் கூப்பிட்டபடி அண்ணாச்சி என்றே சொல்கிறேன். எனக்கு இந்த வேலையைப் பழக்கிவிட்டவர் அவர்தான். இரண்டாவது காஜா மைதீன், டிரோன் ஓட்டுகிறவன். துபாயில் சில வருஷம் டிரோன் ஓட்டிவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியிருந்தான். அங்கே அவன் படம் எடுத்ததெல்லாம் தட்டையான மணல். மேகம் என்று ஒன்றை அங்கே பார்த்ததே இல்லையாம். குற்றாலச் சீசனில் அவனைக் கொண்டுவந்து மலையில் நிறுத்தினால் எப்படி இருக்கும்? வானத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தாலும், "அக்கா, வந்திட்டுக்கா!" என்று அலறுவான். மூன்றாவது வனக்காவலர் மாடசாமி, யானை வந்தால் எங்களைக் காப்பாற்ற அனுப்பப்பட்டவர். யானை வந்தால் முதலில் ஓடப் போவது தான்தான் என்று ஏறும்போதே நேர்மையாகச் சொல்லிவிட்டார். நாலாவது நான்.

அன்றைக்கு ஒரே நாள்தான் கெடு. வன அனுமதி அன்று சாயங்காலத்தோடு தீர்ந்தது. மறுநாள் காஜாவின் டிரோன் ராயகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கப் போகிறது, அட்வான்ஸ் வாங்கிவிட்டான். அதற்குப் பிறகு மழை பிடித்தால் சீசன் முடியும்வரை மலையில் காலை வைக்க முடியாது.

இந்த அவசரத்தில் அண்ணாச்சி எப்படி வந்தார் தெரியுமா? மாப்பிள்ளை மாதிரி வந்தார். புதுசான வெள்ளை வேட்டி, மயில்கண் கரை. மேலே பழுப்புச் சட்டை. நெற்றியில் சந்தனம். இரண்டு கையிலுமாக நாலு பை நிறையப் பழம்.

விஷயம் இதுதான். அண்ணாச்சிக்கு ஒரே மகள். வருகிற வரனெல்லாம், 'பொண்ணோட அப்பா காட்டுல மேட்டுல அலையிற ஆளாம்லா' என்று ஏதோ ஒரு குறை சொல்லித் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. கடைசியாக மேலகரத்தில் ஒரு நல்ல இடம் படிந்தது. மாப்பிள்ளையின் அப்பா பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் செருப்பைக் கோணலாகக் கழற்றிப் போட்டவனோடு பேச மாட்டார் என்று ஊரில் அவருக்குப் பெயர். அன்று விடியற்காலையில் அவர் வீட்டில் பேச்சு முடிந்து, வெற்றிலை மாற்றி, வேட்டியும் மங்குஸ்தான் ரம்புட்டான் பழங்களும் கொடுத்திருக்கிறார்கள். 'இங்கனயே உடுத்துங்க சம்மந்தி' என்றாராம் சுபேதார். உடுத்தினார். வீட்டுக்குப் போய் மாற்ற நேரமில்லை, நேரே மலைக்கு வந்துவிட்டார். சாயங்காலம் குடும்பத்தோடு, அதே வேட்டியில், மறுபடி மேலகரம் போக வேண்டும்.

"வேட்டி சரி அண்ணாச்சி, பழத்தை ஏன் தூக்கிட்டு வாறிய? வண்டியிலயே வச்சிட்டு வரலாம்லா?" என்றேன்.

"வண்டியிலயா? நல்லா இருக்கே நீ சொல்லுத கத! குற்றாலத்துக் குரங்கு கார் கண்ணாடியையே எறக்கத் தெரிஞ்சு வச்சிருக்கு. சம்மந்தி குடுத்த பழத்தைக் கொரங்குக்குக் குடுக்கவா? மேல கொண்டு போயிருவோம். அங்கனதான் யாரும் கிடையாது."

கவனித்துக்கொள்ளுங்கள். யாரும் கிடையாது என்றார்.

ஏறுகிற வழி முழுக்க மாடசாமிக்கு அந்த வேட்டிதான் கவலை. காட்டில் வெள்ளை உடுத்தக் கூடாது என்று அவர் துறையில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவர் காக்கி, நான் கரும்பச்சைச் சுடிதார், அதற்கு அதே நிறத்தில் துப்பட்டா. "அண்ணாச்சி, எட்டு முழத்துக்கு வெள்ளையைக் கட்டிட்டு வந்திருக்கிய. ஆனை பார்த்தா கல்யாண வீட்டுல இருந்து கூப்பிட வந்திருக்காகன்னு நெனச்சிரும்" என்று புலம்பிக்கொண்டே வந்தார். பழப்பைகளையும் அவர்தான் சுமந்தார் என்பதால் புலம்ப உரிமை இருந்தது.

மற்றக் குறிகளையெல்லாம் முந்தின நாட்களிலேயே வைத்து முடித்திருந்தோம். மிச்சமிருந்தது முகட்டின் உச்சிக் குறி, ரொம்ப முக்கியமானது. காஜா கீழே ஒரு தட்டைப் பாறையில் டிரோனோடு நின்றுகொண்டான். நாங்கள் மூவரும் உச்சிக்குப் போனோம். பாறையில் பழைய அளவைக்காரர்கள் உளியால் கொத்தியிருந்த குறியைக் கண்டுபிடித்து, அதன் மேல் துணியை விரித்தோம். மூலைக்கு வைக்கக் கல்லைத் தேடினால், ஒரு கல் கூட இல்லை! துடைத்துவிட்ட மாதிரி ஒரே வழுக்குப் பாறை. எத்தனையோ வருஷத்துக் காற்றும் மழையும் உருட்ட முடிந்ததையெல்லாம் உருட்டிவிட்டிருந்தன. கீழே இறங்கிக் கல் தூக்கி வர நேரம் இல்லை.

அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்தார். மாடசாமியின் கையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நாலு மூலை. நாலு பை. கடவுளாப் பார்த்துக் குடுத்திருக்காரு."

"அண்ணாச்சி, பழமா?" என்றேன்.

"பழத்துக்கு என்னம்மா கொறச்சல்? கனம் இருக்கா, இல்லையா? பொறவு எடுத்துட்டுப் போயிருவோம்."

மூலைக்கு ஒரு பை. துணி அசையாமல் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது. நாங்கள் ஓரத்தில் ஒரு மரத்தடிக்குப் போய் நின்றோம். வாக்கி டாக்கியில் காஜாவிடம், "விடுலே!" என்றார் அண்ணாச்சி. டிரோன் கிளம்பிய சத்தம் கேட்டது.

அப்போது மரத்தின் மேலிருந்து யாரோ இருமினார்கள்.

நிமிர்ந்து பார்த்தால் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை. வெகு நேரமாக எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பழத்தை ஒரு வெள்ளைத் துணியின் நாலு மூலையிலும் வைத்துவிட்டு மரியாதையாகத் தள்ளிப் போய் நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? யாராக இருந்தாலும் விருந்து என்றுதான் நினைப்பார்கள். இறங்கினார்கள். மூலைக்கு ஒருவர். அண்ணாச்சி, "ஏ... ஏ... சூ!" என்று கத்திக்கொண்டு ஓடுவதற்குள் நாலு பையும் மரத்தில் இருந்தன. காற்றுக்கு அவ்வளவு போதும். துணி எழும்பியது, ஒரு குட்டிக்கரணம் போட்டது, கேரளாவைப் பார்த்துப் போய்விட்டது.

வாக்கி டாக்கி அலறியது. "அக்கா! செங்கோட்டைப் பக்கம் மேகம் ஏறுதுக்கா! பெருசா வருது! டிரோன் பாதி தூரம் வந்திட்டு. இப்பத் திருப்புனா திரும்ப விட பேட்டரி இல்ல. இப்ப எடுத்தாத்தான் உண்டு!"

"செத்த நேரம் சுத்தி ஓட்டுலே!" என்றார் அண்ணாச்சி.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். படிக்கும்போது யோசிப்பது சுலபம். அங்கே நின்றால் மூளை கட்டிப்போய்விடும். அண்ணாச்சி காற்றைத் திட்டினார், குரங்கைத் திட்டினார், துணி நெய்தவனைத் திட்டினார். நான் ஒன்றும் கெட்டிக்காரி இல்லை. ஆனால் நெருக்கடியில் போனதை எண்ணுவதை விட்டுவிட்டு இருப்பதை எண்ண வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். எண்ணினேன். வெள்ளையாக ஏதாவது வேண்டும். நான் பச்சை. மாடசாமி காக்கி. பாறை கறுப்பு.

அண்ணாச்சியைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். என் கண் போன இடத்தைப் பார்த்தார். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, வேண்டாம்."

"அண்ணாச்சி, வேற வெள்ளை கிடையாது."

"இது சம்மந்தி குடுத்தது!"

"டிரோனுக்கு அது தெரியாது அண்ணாச்சி."

"நீ ஒரு பொம்பளப்பிள்ள இங்கன நிக்கே..."

"நான் திரும்பிக்கிடுதேன்."

திரும்பிக்கொண்டேன். அரபிக்கடல் பக்கத்து வானத்தை அவ்வளவு கவனமாக நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பின்னால் மாடசாமியின் குரல் கேட்டது. "அண்ணாச்சி, பட்டாபட்டியா! எங்க அய்யாவும் இதே கடையிலதான் எடுப்பாரு." நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட, முழங்கால் வரைக்கும் வருகிற அந்தக் காலத்து அண்டர்வேர். மாடசாமி அன்பாகத்தான் சொன்னார்.

வேட்டியை விரித்தால் பாய்மரம் மாதிரி உப்புகிறது. ஒரு பக்கம் நான் உட்கார்ந்தேன், எதிர்ப்பக்கம் மாடசாமி. ஓரம் அடங்கியது, நடு எழும்பியது. நடுவில் ஒரு கனம் வேண்டும். அங்கே உட்காரத் தகுதியான ஒரே ஆள் அரை மனசாக வந்து உட்கார்ந்தார். பாறையில் இருந்த குறிக்கு நேர் மேலே, சம்மணம் போட்டு.

ஆனால் இப்போது குறி அவருக்கு அடியில் போய்விட்டதே! மேலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? அண்ணாச்சியின் உச்சந்தலை தெரியும். அதில் வழிதவறி நிற்கிற முடி கூட ஒன்று கிடையாது. நல்ல வெளிச்சத்தில் மின்னும். எழுந்து போய் டேப்பை எடுத்து, பிறகு கணக்கில் கழித்துக்கொள்வதற்காக, பாறையிலிருந்து அவர் தலை உச்சி வரைக்கும் உயரத்தை அளந்தேன்.

"என்னம்மா செய்யுத?"

"நீங்கதான் அண்ணாச்சி குறி. படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் நிமிர்ந்து உக்காந்திருங்க. தலையை ஆட்டாதிய."

நான் என் ஓரத்துக்கு ஓடிவந்து உட்கார்ந்தேன். அவர் முதுகை நேராக்கிக்கொண்டார். கோபம் எல்லாம் அந்த நிமிஷத்தில் அடங்கிவிட்டது. பட்டாபட்டியோடு இருந்தாலும் வேலை என்று வந்தபின் அவர் முகமே வேறு.

டிரோன் வந்தது. தலைக்கு மேலே போனது, தூரத்தில் திரும்பியது, அடுத்த வரிசையில் வந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் அசையாமல் இருக்க வேண்டும். இரண்டு மூன்று வரிசை நல்லபடியாகப் போனது. அப்புறம்தான் குரங்குக் குடும்பத்தின் தாத்தா கையில் பழத்தோடு மரத்திலிருந்து இறங்கி வந்தது. இத்தனை நேரம் அசையாமல் இருக்கிற மனிதரை அது பார்த்திருக்காது போலிருக்கிறது. வேட்டியின் மேல் ஏறி, அண்ணாச்சிக்குப் பக்கத்தில், அவர் போலவே உட்கார்ந்தது. மங்குஸ்தானைப் பிளந்து தின்றது. மங்குஸ்தான் தோல் சாறு துணியில் பட்டால் அந்தத் துணி ஒழிந்தது, சோப்புக்கும் சாகாது. அந்தப் புது வேட்டியில் ஊதாச் சாறு இறங்குவதை நாங்கள் மூவரும் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னம்மா செய்யுது அது?" உதடு அசையாமல் கேட்டார்.

"சாப்பிடுது அண்ணாச்சி."

"கடிக்குமா?"

"பழத்தைத்தான் கடிக்குது."

"இன்னும் எத்தனை வரிசை?"

"ரெண்டு மூணு இருக்கும்."

தின்று முடித்த தாத்தாவுக்கு மங்குஸ்தான் தோலை எங்கே வைப்பது என்று ஒரு யோசனை. சுற்றிப் பார்த்தது. அந்தப் பாறையை விட வழுவழுப்பான இடம் ஒன்றுதான் அதற்குத் தென்பட்டது. தோலைத் தூக்கி அண்ணாச்சியின் தலையில் வைத்தது. கிண்ணம் மாதிரி கவிழ்ந்து கச்சிதமாக உட்கார்ந்தது. மாடசாமி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார், அவர் உட்கார்ந்திருந்த வேட்டி ஓரமும் குலுங்கியது.

"மாடசாமி, அசையாதலே" என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான். தலையில் தோலும் பக்கத்தில் குரங்குமாக, காதோரம் சாறு வழிய, கடைசி வரிசை முடிந்து காஜா "ஓகேக்கா! எறக்குதேன்!" என்று கத்துகிறவரைக்கும் அந்த மனிதர் அசையவில்லை. அவரை எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்கு ரொம்பப் பிடித்தது.

மேகம் வந்து மூடியபோது நாங்கள் பாதி மலை இறங்கியிருந்தோம். கறையை உள்பக்கமாக மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி சாயங்காலம் மேலகரம் போய் வந்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றியபோதுதான் வினை தெரிந்தது. உச்சிக் குறியைப் பெரிதாக்கினேன். பச்சையும் காக்கியும் காட்டோடு கலந்துவிட்டதால் நானும் மாடசாமியும் இருப்பதே தெரியவில்லை. நடுவில் வெள்ளை வேட்டி, அதன் மேல் நீலக் கோடு பட்டாபட்டி, பளபளவென்று ஒரு தலை, பக்கத்தில் தோழர். மொத்த வேலையிலும் ரொம்பத் துல்லியமாக விழுந்த குறி அதுதான். தோல் வைத்தபின் எடுத்த படங்களைத் தள்ளிவிட்டேன், தோலின் உயரத்தை நான் அளக்கவில்லையே.

அண்ணாச்சி திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அழிச்சிரும்மா. கறுப்பா ஏதாவது பூசிரு."

ஆசைதான் எனக்கும். ஆனால் குறிகளின் படத்தை மட்டும் கை படாமல் அப்படியே காட்ட வேண்டும் என்பது விதி. வரைபடத்தைச் சரிபார்க்க வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வரப்போகிறார், ஒவ்வொரு குறியையும் திரையில் போட்டுப் பார்ப்பார். கூட்டத்தில் அருவிப் பாதுகாப்புக் குழுவும் உட்காரும். அந்தக் குழுவில் மேலகரத்துக்காக வருகிறவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சம்மந்தி சுபேதார்தான்.

"அந்தக் குறியையே எடுத்துட்டா என்ன?" என்றார்.

நான் எடுத்துக் காட்டினேன். முகடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குற்றாலத்துக்கு வர வேண்டிய ஓடை ஒன்று திரையில் கேரளாவுக்குத் திரும்பி ஓடியது. அதை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு பக்கம் அவர் மகளின் கல்யாணம், மறு பக்கம் முன்பின் தெரியாத சனங்கள் அருவியில் நிற்கிறார்கள். நான் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் வந்தவர் பையைக் கூட வைக்காமல் சொன்னார்: "ஓடை இருக்க எடத்துல இருக்கட்டும். நானும் இருக்க எடத்துல இருந்துக்கிடுதேன்."

கூட்டம் நடந்தது. சோதனை அதிகாரி ஒவ்வொரு குறியாகக் கேட்டார், நான் போட்டேன். வெள்ளைத் துணி, நாலு கல். வெள்ளைத் துணி, நாலு கல். கடைசிக் குறிக்கு வந்தபோது என் கை எலியின் மேல் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் எலியைத்தான் சொல்கிறேன். இந்தக் கதையில் அதற்கு மேல் மிருகம் வேண்டாம். அண்ணாச்சி எழுந்து நின்று, "போடும்மா" என்றார்.

போட்டேன். சுவர் அகலத்துக்கு அண்ணாச்சி.

பின்வரிசையில் ஒருத்தர் ஆரம்பித்தார், மொத்த ஹாலும் சிரித்தது. சோதனை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "குறி எது?" என்றார்.

"தலை சார்" என்றேன்.

சுபேதார் சிரிக்கவில்லை. விறைப்பாக எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். ஹால் அடங்கியது.

"யாரு இது?"

"நான்தான் சம்மந்தி" என்றார் அண்ணாச்சி.

"பக்கத்துல?"

"அது... அந்த எடத்துக்காரரு."

சுபேதார் வேட்டியின் கரையை விரலால் தொட்டார். "இது நான் குடுத்த வேட்டில்லா?"

"ஆமா."

"பழம்?"

அண்ணாச்சி குரங்கைக் கை காட்டினார். அப்புறம் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். பழத்தை எடைக்கு வைத்தது, துணி பறந்தது, தோலைத் தலையில் வைத்தது. சோதனை அதிகாரியே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சுபேதார் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தலையில தோலை வச்ச பொறவும் நீங்க அசையலையா?"

"அசைஞ்சா ஓடை கேரளாவுக்குப் போயிரும் சம்மந்தி."

சுபேதார் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டார். வரைபடம் தேறியது. அண்ணாச்சி என்னிடம், "படம் பாஸ், நான் பெயில்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலகரத்திலிருந்து பல நாள் ஒரு தகவலும் இல்லை.

பிறகு ஒருநாள் போன் வந்தது. நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று, குடும்பத்தோடு வாருங்கள் என்று. எங்கள் மூன்று பேருக்கும் தனியாக அழைப்பு. காஜா டிரோனோடு வந்து மண்டபத்தின் மேல் சுற்றினான், அது பறக்கும்போதெல்லாம் அண்ணாச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மாடசாமி வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார்.

சீர்த் தட்டுகளை மாற்றுகிற நேரம். மாப்பிள்ளை வீட்டார் தேங்காய்ப் பழத் தட்டை வைத்தார்கள். அடுத்து வேட்டித் தட்டு. அதே மயில்கண் கரை, புதுசு. வேட்டியின் நாலு மூலையிலும் ஒவ்வொரு கல். சிற்றாற்றில் பொறுக்கிக் கழுவி எடுத்த, உருண்டையான, நல்ல கனமான கற்கள். அண்ணாச்சி கல்லைப் பார்த்தார், சம்மந்தியைப் பார்த்தார். சுபேதாரின் மீசை முதல் தடவையாக ஒரு பக்கம் தூக்கியது.

"எடைக்குக் கல்லு இதுல இருக்கு சம்மந்தி. பழம் அந்தத் தட்டுல இருக்கு. மாத்தி வச்சிராதிய."

அண்ணாச்சி ஓய்வு பெற்ற அன்று வேட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனார், கற்களை மலைப் பையில் போட்டுவிட்டுப் போனார். நான் இருந்தவரை அவை இல்லாமல் மலைக்குப் போனதில்லை. கனம்தான். கனமாக இருக்க வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது.

ஆகவே பிள்ளைகளே, அந்தக் கற்களை வெளியே போட வேண்டாம். ஆயுத பூசைக்குக் குங்குமம் வையுங்கள், பூ வையுங்கள், இஷ்டம் போல் கும்பிடுங்கள். பழம் மட்டும் படைக்காதீர்கள்.